பூனைக்குப் பாதி போதும் சார்!

முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு ஆபீஸ் போனா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அன்னிக்கு வெயில் தாங்காம கையை மடிச்சு விட்டதுதான் தப்பாப் போச்சு. முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் தண்டவாளம் மாதிரி அஞ்சு கோடு. பக்கத்து சீட்டு நண்பர் பார்த்துட்டு, "என்ன சார், வீட்ல ஏதாவது..."ன்னு இழுத்தார். தங்கமணி பேரு கெட்டுடக் கூடாதேன்னு உண்மையைச் சொன்னேன்.

"பூனைக்கு மருந்து போட்டேன் சார்."

அவர் நம்பலை. பூனை வளக்காதவங்க யாரும் நம்ப மாட்டாங்க. வளக்கறவங்க கோட்டை எண்ணிப் பார்த்துட்டு "அஞ்சுதானா?"ன்னு கேப்பாங்க :-)

எங்க வீட்டுல ரெண்டு பேர். குண்டன், அஞ்சு கிலோ, பேருக்கேத்த ஆளு. மிளகு, மூணு கிலோ, கறுப்பும் சாம்பலுமா புள்ளி புள்ளியா இருப்பா. குண்டனைத் தொடணும்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணும். மிளகு அப்படி இல்லை. மடியில மல்லாக்கப் போட்டு நகம் வெட்டினாலும் "சீக்கிரம் முடி"ன்னு ஒரு பார்வை பார்ப்பா, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. கடைசியில வேணும்.

2023 அக்டோபர்ல, மழை ஆரம்பிச்ச சமயம், ரெண்டும் சொறிய ஆரம்பிச்சது. ராத்திரி பகல்னு இல்லாம சொறி. எங்க கணுக்கால்லயும் சின்னச் சின்னத் தடிப்பு. அம்மா ஒரு வெள்ளைத் துணியை விரிச்சு, அது மேல மிளகை உக்கார வெச்சு சீப்பால வாரினாங்க. மிளகாய்த்தூள் வறுத்துக் கருகினாப்ல கறுப்புப் பொடி கொட்டிச்சு. அதுல ரெண்டு சொட்டு தண்ணி விட்டாங்க. பொடி கரைஞ்சு செம்பழுப்பா ஊறிச்சு. அது அழுக்கு இல்லை, பூச்சி குடிச்சுட்டுப் போட்ட ரத்தம். எந்த டாக்டரும் சொல்லித் தராமலே எங்கம்மாவுக்கு இது தெரிஞ்சிருந்தது.

"தெள்ளுடா இது"ன்னாங்க.

இந்த ஒரு வார்த்தையை நான் அன்னிக்கு ஒழுங்கா காதுல வாங்கியிருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது. நகரத்துல இருக்கற நாம ரோமத்துக்குள்ள எது ஊர்ந்தாலும் "உண்ணி"ன்னு சொல்லிடறோம். இல்லாட்டி "பேன்". மூணும் மூணு ஜீவன். பேன் முடியிலேயே பிறந்து முடியிலேயே சாகும், குதிக்காது. உண்ணிக்கு எட்டுக் கால், ஒரே இடத்துல கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு ஆமணக்கு விதை மாதிரி உப்பும். தெள்ளுக்கு ஆறு கால், பக்கவாட்டுல தட்டையா இருக்கும், விரலால பிடிக்கப் போனா எகிறிடும். மருந்தும் அதுக்கேத்த மாதிரி மாறும். நான் என்ன பண்ணேன்? அதுக்கு வர்றேன்.

முதல் ரவுண்டு முறைப்படிதான் நடந்தது. டாக்டர்கிட்ட ரெண்டு பேரையும் எடை போட்டு, பூனைக்கான சொட்டு மருந்து ஆளுக்கு ஒரு ட்யூப் வாங்கிட்டு வந்தேன். பிடரியில முடியை விலக்கி, தோல் மேல அப்படியே பிதுக்கி விடணும், அவ்வளவுதான். மிளகுக்கு பத்து செகண்ட் ஆச்சு. குண்டனுக்கு?

நானும் தங்கமணியும் சேர்ந்து கட்டிலுக்கு அடியில இருந்து இழுத்தோம். துண்டை எடுத்து மூடினோம். ட்யூபோட மூடியை அவன் காதுக்குப் பக்கத்துலயே "டிக்"குன்னு உடைச்சேன். அந்தச் சத்தமும் மருந்து வாசனையும் சேர்ந்து போக, கைப்புள்ள ரேஞ்சுக்குக் கிளம்பின எனக்கு அஞ்சு கோடு விழுந்தது. மருந்துல கால்வாசி அவன் முடி மேல, மிச்சம் முக்கால்வாசி என் லுங்கி மேல. அடுத்த ஒரு மாசத்துக்கு என் லுங்கியில தெள்ளு வந்திருக்க வாய்ப்பே இல்லை.

மூணு வாரம் கழிச்சு மறுபடியும் சொறி. "மருந்து வேலை செய்யலை"ன்னு முடிவு கட்டினேன். அந்த ட்யூப் விலையை நினைச்சா வயிறு எரியுது. ஆபீஸ்ல ஆணி அதிகம், டாக்டர்கிட்ட போக நேரமில்லை. வர்ற வழியில ஒரு கடை. "உண்ணி மருந்து குடுங்க"ன்னேன். கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து வெச்சார். டப்பா மேல நாய்ப் படம்.

"பூனைக்குங்க."

"எல்லாம் ஒண்ணுதான். பூனைக்குப் பாதி போதும் சார்."

கணக்கு சரியாத்தானே இருக்கு? நாய் பெரிசு, பூனை சின்னது, பாதி போட்டா ஆச்சு. குண்டன் பாதி, மிளகு பாதி, காசும் மிச்சம். வீட்டுக்கு வந்தேன். என் கையில ட்யூபைப் பார்த்ததும் குண்டன் பீரோ மேல ஏறிட்டான். மிளகு வழக்கம் போல கிட்ட வந்து உக்காந்தா. அவளுக்குப் போட்டேன். அப்போ ராத்திரி எட்டு மணி. குண்டனை இறக்கறதுக்கு அரை மணி நேரம் போராடிட்டு, "நாளைக்குப் பார்த்துக்கலாம் போ"ன்னு விட்டுட்டேன்.

ராத்திரி ஒரு மணிக்கு தங்கமணி என்னை உலுக்கி எழுப்பினாங்க. மிளகோட காது தன்னால துடிக்குது. முன்னங்காலை ஈரத்துல வெச்ச மாதிரி உதறறா. வாயில எச்சில் ஒழுகுது. தூக்கினேன், உடம்பு முழுக்க நடுக்கம். குளிர்ல நடுங்கற மாதிரி இல்லை, உள்ளுக்குள்ள மோட்டார் ஓடற மாதிரி. கை பட்ட இடமெல்லாம் சுண்டி இழுக்குது.

டப்பாவைக் குப்பையில இருந்து பொறுக்கி எடுத்து, ராத்திரி வேளையிலயும் போனை எடுக்கற ஒரு டாக்டர்கிட்ட அதுல இருந்ததைப் படிச்சேன். "பெர்மெத்ரின்"னு பாதி சொல்லும்போதே அவர் நிறுத்திட்டார். "பாத்திரம் கழுவற லிக்விட் இருக்கா? வெதுவெதுப்பான தண்ணியில, மருந்து போட்ட இடத்தை அதால கழுவுங்க. சுடுதண்ணி வேண்டாம், பச்சைத்தண்ணியும் வேண்டாம். துடைச்சு, துணியில சுத்தி உடனே கொண்டு வாங்க."

சுடுதண்ணி பட்டா தோல்ல ரத்த ஓட்டம் கூடி மருந்து இன்னும் உள்ளே இழுக்கும். பச்சைத்தண்ணி பட்டா உடம்புச் சூடு இறங்கி நடுக்கம் மோசமாகும். இதெல்லாம் அவர் அப்புறமா விளக்கினது. அந்த நேரத்துல எனக்கு எதுவும் மண்டையில ஏறலை. ஆட்டோவுல போகும்போது தங்கமணி ஒரு வார்த்தை பேசலை. திட்டியிருந்தா கூடப் பரவாயில்லை.

இந்த விஷத்துக்கு நேரடியான முறிவு மருந்து கிடையாது. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்க ஊசி, ட்ரிப்ஸ், உடம்புச் சூட்டைப் பாத்துக்கறது, பூனை தன் உடம்பே அதைக் கழிச்சு முடிக்கற வரைக்கும் உயிரைப் பிடிச்சு வெக்கறது. இதான் வைத்தியம். மிளகு ரெண்டு நாள் அங்கேயே இருந்தா. மூணாவது நாள் நடந்து வந்து என் கையை முகர்ந்து பார்த்தா. நான் என்ன பண்ணேன்னு அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே.

சரி, பாதி போட்டா ஏன் ஆகாது? டாக்டர் சொன்னதையும் அதுக்கப்புறம் நான் தேடிப் படிச்சதையும் சேர்த்துச் சொல்றேன்.

சாமந்தி இனத்துப் பூ ஒண்ணுல இருந்து எடுக்கற பைரீத்ரம்னு ஒரு பூச்சிக்கொல்லி ரொம்ப காலமா இருக்கு. அதோட சாயல்ல ஆய்வுக்கூடத்துல செஞ்சதுதான் பெர்மெத்ரின். 1973-ல இங்கிலாந்துல ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்துல மைக்கேல் எலியட் குழு உருவாக்கினது. மனுஷனுக்கும் நாய்க்கும் சொன்னபடி பயன்படுத்தினா பெரிசா தொல்லை இல்லை. சிரங்குக்குத் தடவற 5 சதவீத கிரீம்ல இருக்கறது இதுதான். கொசுவலையில கூட ஏத்துவாங்க.

அதனாலதான் "மனுஷனுக்கே போடறான், பூனைக்கு என்ன"ன்னு நினைப்பு வருது. ஆனா பூனை சின்ன நாய் இல்லை. அதோட கல்லீரல்ல, இந்த மாதிரிப் பொருளை எல்லாம் மாத்திக் கழிச்சு வெளியேத்தற ஒரு வழி கிட்டத்தட்ட அடைஞ்சு கிடக்கு. குளுக்குரானைடேஷன்னு பேரு. நமக்குச் சாதாரணமான ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனை உயிரை எடுக்கறதுக்கு முக்கியமான காரணமும் அதே குறைதான். நாய்க்கான சில சொட்டு மருந்துல பெர்மெத்ரின் 45 சதவீதத்துக்கு மேலயும் இருக்கும். அதுல பாதி இல்லை, சில சொட்டே பூனைக்கு அதிகம். போதாக்குறைக்குப் பூனை நாள் முழுக்க உடம்பை நக்கற ஜாதி. தோல் மேல போட்டது வாய்க்குள்ளயும் போகும்.

கடைக்காரரை மட்டும் திட்டி நான் தப்பிச்சுக்க முடியாது. டப்பாவுல "பூனைக்குப் பயன்படுத்தாதீர்கள்"னு இங்கிலீஷ்ல போட்டிருந்தது, கடுகு சைஸ் எழுத்துல. நான் படிக்கலை. ஆனா ஒண்ணு கேக்கறேன். நம்ம ஊர்ல விக்கற மருந்துல, உயிர் போற விஷயத்தை, அரிசி மூட்டையில பேர் அடிக்கற சைஸ்ல, தமிழ்ல "பூனைக்கு ஆகாது"ன்னு ரெண்டு வார்த்தை போட என்ன கஷ்டம்? பூனை வளக்கறவங்க எல்லாரும் இங்கிலீஷ் படிச்சவங்களா? எங்கம்மாவுக்குத் தெள்ளு தெரியும், அந்த டப்பாவைப் படிக்கத் தெரியாது. எனக்கு டப்பாவைப் படிக்கத் தெரியும், தெள்ளு தெரியாது. நடுவுல மாட்டினது மிளகு.

இன்னொரு விஷயம். மருந்து வேலை செய்யலைன்னு நான் முடிவு கட்டினதே தப்பு. பூனை மேல நாம பாக்கற பெரிய தெள்ளு, வீட்டுல இருக்கற மொத்தக் கூட்டத்துல சுமார் 5 சதவீதம்தான்னு சொல்றாங்க. மீதி முட்டையாவும் புழுவாவும் கூட்டுப்புழுவாவும் கால்மிதியில, கட்டில் அடியில, சோபா இடுக்குல கிடக்கு. ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40, 50 முட்டை வரைக்கும் போடும். முட்டை வழுக்கிக்கிட்டு கீழே விழுந்துடும். கூட்டுக்குள்ள போன தெள்ளு மாசக்கணக்குல சும்மா கிடந்து, நடமாட்டமும் சூடும் மூச்சுக்காத்தும் பட்டதும் வெளியே குதிக்கும். ஆக மூணு வாரத்துல மறுபடி வந்தது புது பேட்ச். குண்டனுக்கோ மருந்தே ஒழுங்காப் போடலை, அவன் நடமாடும் சத்திரம். தப்பு மருந்து மேல இல்லை.

அதுக்கப்புறம் நாங்க செஞ்சது இதுதான். ரெண்டு பூனைக்கும் மாசம் தவறாம, பூனைக்குன்னே உள்ள மருந்து, மூணு மாசம் விடாம. மருந்து விழுந்த மிளகுக்கு எப்போ மறுபடி ஆரம்பிக்கறதுன்னு டாக்டர் சொன்ன பிறகுதான். ஃபிப்ரோனில், செலமெக்டின், இமிடாகுளோபிரிட் இதுல பூனைக்கான பேக் இருக்கு. எது, எவ்வளவுங்கறதை எடையும் வயசும் பார்த்து டாக்டர் சொல்லட்டும். கூடவே விரிப்பெல்லாம் நல்ல சூடான தண்ணியில துவைச்சு வெயில்ல காயப்போட்டோம். தெள்ளோட புழுவுக்கு வெளிச்சமும் காய்ச்சலும் ஆகாது. நம்ம ஊர் வெயிலுக்கு அந்த ஒரு புண்ணியம் உண்டு. இடுக்கெல்லாம் வேக்குவம் போட்டு, பையை அன்னிக்கே வெளியே கொட்டினோம். தெள்ளை முழுங்கின பூனைக்கு நாடாப்புழு வரும்ங்கறதால அதுக்கும் மருந்து. அம்மாவோட வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், கற்பூரம், பாச்சை உருண்டை வைத்தியத்துக்கெல்லாம் தடா. மண்ணெண்ணெயும் கற்பூரமும் பூனைக்கு நேரடி விஷம். இயற்கை எண்ணெய்னாலும் நக்கினா வயித்துக்குள்ளதான் போகும்.

குண்டன் என்ன ஆனான்? அதுதான் இந்தப் பதிவோட முக்கியமான விஷயம்.

பீரோ மேல ஏறி உக்காந்து அவன் முரண்டு பிடிக்கலைன்னா அன்னிக்கு ரெண்டு பூனைக்கும் விஷம் போட்டிருப்பேன். நம்பி வந்து உக்காந்தவ சாகப் பொழைக்கக் கிடந்தா. நம்பாத பய தப்பிச்சான். அதை யோசிச்சுக்கிட்டே இருந்ததுல எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. பூனை மருந்துக்கு முரண்டு பிடிக்கறது பிரச்சினையே இல்லை. அந்த முரண்டை எப்படியாவது சீக்கிரம் தாண்டிடணும்னு நாம பிடிக்கற குறுக்கு வழிதான் பிரச்சினை. ரெண்டு பேரா அமுக்கறது, பிடரியைப் பிடிச்சுத் தூக்கறது, கிடைச்ச மருந்தைப் போட்டு முடிக்கறது, எல்லாம் ஒரே அவசரத்தோட பிள்ளைங்க.

இப்போ நான் செய்யற முறை:

1. மருந்து போட ஒரு வாரம் முன்னாடியே, தினம் ஒரு தடவை பேனா மூடியால குண்டனோட பிடரியைத் தொடுவேன். தொட்ட உடனே உப்பில்லாம அவிச்ச நெத்திலி ஒண்ணு. மூணாவது நாளே பேனாவைப் பார்த்தா அவனே வர்றான்.

2. ட்யூபை வேற அறையில உடைச்சு, மூடியோட கையில கொஞ்ச நேரம் வெச்சிருப்பேன். சில்லுன்னு விழுந்தாத்தான் துள்ளுவான்.

3. தூங்கி எழுந்து சோம்பல் முறிக்கற நேரம்தான் நல்ல நேரம். துரத்திப் பிடிக்கறதே இல்லை. கட்டிலுக்கு அடியில போயிட்டா அன்னிக்கு லீவு. ஒரு நாள் தள்ளிப்போனா குடி முழுகிடாது.

4. ஆள் எதிரே நிக்காம பக்கத்துல உக்காரணும். நக்கிக்கிட்டே இருக்கற மாதிரி தட்டுல ஏதாவது இருக்கணும். மண்டை ஓட்டுக்குக் கீழே, நாக்கு எட்டாத இடத்துல, தோல் தெரியற மாதிரி முடியைப் பிரிச்சு, ஒரே பிதுக்கல். தேய்க்கக் கூடாது.

5. காயற வரைக்கும் ரெண்டு பேரும் தனித்தனி அறை. ஒண்ணை ஒண்ணு நக்கிடும்.

அப்படியும் சில பூனை மசியாது. அப்போ துண்டுல கொழுக்கட்டை மாதிரி, தலை மட்டும் வெளியே தெரிய, இறுக்காம சுத்துங்க. அதுக்கும் மசியலைன்னா டாக்டர்கிட்டயே போட்டுக்கோங்க. அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை. குட்டிங்களா இருந்தா கேக்காம எதையும் போடவே போடாதீங்க. தெள்ளு ரொம்ப இருந்தா ரத்தம் குறைஞ்சே குட்டி செத்துடும். அதனால சீப்பால வாரிக்கிட்டே டாக்டர்கிட்ட ஓடுங்க. வீட்டுல நாயும் இருந்தா, அதுக்கு பெர்மெத்ரின் இல்லாத மருந்தாக் கேட்டு வாங்குங்க. ரெண்டும் ஒரே சாக்குல படுக்கற வீடுன்னா இது ரொம்ப முக்கியம்.

போன தடவை குண்டனுக்கு மருந்து போட்டது எட்டு செகண்ட்ல முடிஞ்சது. ஒரு கீறல் இல்லை. நான் என்னமோ கின்னஸ் சாதனை பண்ணின மாதிரி தங்கமணியைப் பார்த்தேன். "டப்பாவைப் படிச்சீங்களா?"ன்னு மட்டும் கேட்டாங்க. எங்க வீட்டுல இப்போ இதான் வழக்கம். குண்டன் பீரோ மேல ஏறினா நான் கோபப்படறதில்லை. அவன் இறங்கி வர்ற வரைக்கும் கீழே உக்காந்து, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, அந்தக் கடுகு எழுத்தை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிப்பேன்.

மிளகு இப்பவும் கூப்பிடாமலே வந்து உக்கார்றா. அவளுக்குப் போடறதுக்கு முன்னாடிதான் நான் ரெண்டு தடவை படிக்கறேன்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பட்டவன். யாராவது உங்ககிட்ட "பூனைக்குப் பாதி போதும்"னு சொன்னா, டப்பாவை அங்கேயே வெச்சுட்டு வந்துடுங்க.